மலேசிய நாட்டில் விழாவும் விருந்தும்

ஒரு நாட்டு மக்களின் இயல்பை உள்ளவாறு அறிய விரும்புவோர் அவர்தம் சட்ட நூல்களையும் வரலாற்று நூல்களையும் புரட்டுதல் மட்டும் போதாது. அவர்கள் விழாக் கொண்டாடும் முறையையும், அவ்விழாவில் யாரை அழைத்து, எதனைச் சமைத்து, எவ்வாறு படைக்கின்றனர் என்பதனையும் அறிதல் வேண்டும். ஒரு பந்தியில் யார் யார் ஒருங்கே அமர்கின்றனர் என்னும் ஒன்றே அந்நாட்டின் ஒற்றுமையைப் பற்றிப் பல செய்திகளைக் கூறவல்லது.

ஒரே சமயமும் ஒரே வழக்கமும் உடையோர் கூடி உண்ணுதல் எளிது. ஒருவர் விலக்கும் உணவை மற்றொருவர் விரும்பி உண்ணும் நாட்டிலோ அஃது எளிதன்று. இஸ்லாமியர் பன்றி இறைச்சியையும் மதுவையும் விலக்குவர். ஏனைய இறைச்சியும் தம் சமய முறைப்படி அறுக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்பர். இந்துக்களுட் பெரும்பாலார் மாட்டிறைச்சியைத் தொடார். சிலர் எவ்வகைப் புலாலும் உண்ணார். சீனரிற் பலர் பன்றி இறைச்சியைத் தம் விருந்தின் சிறப்பாகக் கொள்வர். அவருள்ளும் குவான் இன் என்னும் அருள் தெய்வத்தை வழிபடுவோரில் பலர் மாட்டிறைச்சியை நீக்குவர். பௌத்த நெறியினர் சிலர் திங்கள் மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் மரக்கறி உணவே கொள்வர். இவர் எல்லாரும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து உண்ணுதல் இயலுமோ? இயலும் என்பதற்கும், அதற்குப் பெருமுயற்சி வேண்டும் என்பதற்கும் மலேசிய நாடு சான்றாக நிற்கின்றது. அம்முயற்சியின் தன்மையை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நாடும் மக்களும்

மலாய்த் தீபகற்பமும், போர்னியோத் தீவின் வடபாலுள்ள சபா, சரவாக் என்னும் மாநிலங்களும் சேர்ந்த நாடே மலேசியா. மலாயா 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் விடுதலை பெற்றது. 1963-இல் சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவற்றோடு கூடி மலேசியா எனப் பெயர் பூண்டது. சிங்கப்பூர் 1965-இல் பிரிந்து தனிநாடாயிற்று. 2020-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்நாட்டின் மக்கள் தொகை 3 கோடியே 24 இலட்சம். குடியுரிமை உடையோருள் மலாய்க்காரரும் ஏனைய பூர்விகக் குடிகளும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர்; சீனர் ஏறத்தாழ 23 பேர்; இந்தியர் ஏறத்தாழ 7 பேர். இந்தியருட் பெரும்பாலார் தமிழர்.

இவ்வினத்தார் ஒருங்கே வந்தவரல்லர். ஒரே காரணம்பற்றி வந்தவருமல்லர். மலாக்கா நகரம் 1511-இல் போர்த்துக்கேயர் வசமாகுமுன்னரே தமிழ் வணிகர் அங்குத் தங்கி வாணிகம் நடத்தினர். அவர் வழிவந்தவரே மலாக்காச் செட்டிகள் எனப்படுவோர். இவர் தாய்மொழியாக மலாய்மொழியைப் பேசுவர். மலாய் உடை உடுப்பர். ஆயினும் இந்து சமயத்தைக் கைவிட்டாரல்லர். பொங்கலுக்கு முன்னாளாகிய போகியன்று முன்னோர்க்கு இவர் படைக்கும் படையலில் மலாய் உணவுகளும் இடம் பெறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்கட்குச் சீனர் பெருந்தொகையினராய் வந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் கித்தாத் தோட்டங்கட்குத் தமிழ்த் தொழிலாளர் கப்பலேறிச் சென்றனர். ‘கித்தா’ என்னும் சொல்லே ரப்பரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லினின்று அந்நாட்டுத் தமிழர் ஆக்கிக்கொண்டதாம். நம் கடையும் கப்பலும் அப்பமும் அவ்வாறே மலாய்மொழியிற் புகுந்து ‘கெடாய்’, ‘காப்பால்’, ‘ஆப்பாம்’ என வழங்குகின்றன. கொடுத்ததும் கொண்டதும் இருபாலும் உண்டு.

மலாக்காவில் ஒரே தெருவினை அடுத்தடுத்து ஓர் இந்துக் கோயிலும், ஒரு பள்ளிவாயிலும், ஒரு சீனக் கோயிலும் நிற்கக் காணலாம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், 1748-இல் நிறுவப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாயிலும், அவற்றினும் மூத்ததாகிய செங் ஹூன் தெங் கோயிலும் அவை. பினாங்கு நகரிலும், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாயிலுக்குச் சிறிது தொலைவில் குவான் இன் கோயிலும், மகாமாரியம்மன் கோயிலும், ஆங்கிலத் திருச்சபையின் தேவாலயமும் உள்ளன. இவ்விரு நகரங்களும் 2008-இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

நான்கு நாட்காட்டிகள்

இந்நாட்டில் விழாக்கள் ஒன்றையொன்று துரத்தி வருவதற்குக் காரணம், நான்கு வகை நாட்காட்டிகள் ஒருங்கே வழங்குதலாம். கிறிஸ்துமஸ் ஆங்கில நாட்காட்டியின்படி டிசம்பர் 25-இல் நிலைபெற்றது. பொங்கல் கதிரவன் செலவைப் பற்றியதாகலின் ஆண்டுதோறும் சனவரி நடுவில் வரும். சீனப் புத்தாண்டும் தீபாவளியும் திங்களின் செலவைப் பற்றியன. ஆயினும் இடையிடையே மிகைத் திங்கள் ஒன்றைச் சேர்த்துக் கதிரவனோடு இணக்குதலின், முன்னது சனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20-க்கும் இடையிலும், பின்னது அக்டோபர், நவம்பரிலும் நிற்கும். இஸ்லாமிய ஆண்டோ திங்களையே முற்றும் பற்றியது. 354 அல்லது 355 நாள் கொண்டது. மிகைத் திங்கள் சேர்க்கப்படாதது. ஆகவே நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முந்தி வந்து, முப்பத்துமூன்று ஆண்டளவில் பருவம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.

இதனால் விளையும் புதுமை ஒன்றுண்டு. 1996 முதல் 1998 வரை மூன்றாண்டுகள் சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் ஓரிரு நாள் இடைவெளியில் வந்தன. மக்கள் இரண்டு வாழ்த்துகளையும் இணைத்து ‘கொங்சி ராயா’ என ஒரு சொல் படைத்தனர். ‘கொங்சி’ என்பது மலாய்மொழியிற் பங்கிடுதலையும் குறித்தலின் இச்சொல் இரட்டுறப் பொருந்துவதாயிற்று. 2004 முதல் 2006 வரை தீபாவளியும் பெருநாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் வந்தன. அப்போது ‘தீபாராயா’ என்றனர். முன்னைய கூட்டம் 2029 முதல் 2031 வரை மீண்டும் நிகழும் என்பது கணக்கால் அறியக் கிடக்கின்றது.

மற்றொரு பொருத்தம் பலர் கண்ணிற் படாதது. சீனரின் ஒன்பதாம் திங்களில் முதல் ஒன்பது நாளும் ஒன்பது பேரரசத் தெய்வங்களின் விழா நடைபெறும். அந்நாட்களில் அடியார் மரக்கறி உணவே கொள்வர். கோயிலைச் சுற்றி மஞ்சட் கொடி கட்டிய மரக்கறிக் கடைகள் எழும். நம் நவராத்திரியும் பல ஆண்டுகளில் இவ்வொன்பது நாட்களிலேயே வரும். 2024-இல் இரண்டும் அக்டோபர் 3-ஆம் நாளே தொடங்கின. அவ்வேளையிற் புலால் நீக்கிய தமிழர் சீனர் கடையில் ஐயமின்றி உண்ணுதல் இயல்பான காட்சியாம்.

விழாவின் இரு பகுதிகள்

இவ்விழாக்களை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொரு விழாவும் அகப்பகுதி, புறப்பகுதி என இரு கூறாய்ப் பிரிந்து நிற்கின்றது. அகப்பகுதி குடும்பத்திற்கும் சமயத்திற்கும் உரியது. புறப்பகுதி ஊரார்க்கு உரியது.

நோன்புப் பெருநாட் காலையில் மலாய்க்காரர் பள்ளிவாயிலிற் றொழுது, பெரியோரிடம் பிழை பொறுக்குமாறு வேண்டி, முன்னோர் அடக்கத்தலங்களைக் கண்டு வருவர். சீனர் புத்தாண்டிற்கு முன்னிரவிற் குடும்பத்தார் அனைவரும் கூடி உண்பர். எத்தொலைவிலிருப்பினும் பிள்ளைகள் அவ்வுணவிற்குப் பெற்றோர் இல்லம் சேர்ந்துவிடுவர். தமிழர் தீபாவளி வைகறையில் எண்ணெய் தேய்த்து முழுகி, புத்தாடை உடுத்துக் கோயிலுக்கு ஏகுவர். இப்பகுதியில் அயலார் எவரும் அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படாமையை எவரும் குறையாகக் கொள்வதுமில்லை.

அது முடிந்தபின் வாயில் திறக்கும். இதனை அந்நாட்டார் ‘திறந்த இல்லம்’ என்பர். மலாய்மொழியில் ‘ரூமா தெர்புக்கா’. பெயர் உவமையன்று, வாயிற்கதவு உண்மையிலேயே திறந்து கிடக்கும். அண்டை வீட்டார், உடன் வேலை செய்வோர், பிள்ளைகளின் பள்ளித் தோழர் ஆகியோர் தமக்கு வாய்த்த நேரத்தில் வந்து, பாதணியை வாயிலிற் கழற்றி, உள்ளே அமர்ந்து, சிறிது உண்டு, வாழ்த்துக் கூறிச் செல்வர். சிறுவர்க்கு உறையிலிட்ட காசு கிடைக்கும். இவ்வழக்கம் சீனருடையது, அவர் உறை செந்நிறம். மலாய்க்காரர் அதனைப் பச்சை உறையில் ஏற்றுக்கொண்டனர்; தமிழரும் தீபாவளிக்கென உறைகள் அச்சிட்டுக்கொண்டனர்.

அகமும் புறமும் இவ்வாறு பிரிந்து நிற்றலே பல்வேறு சமயத்தார் கூடி மகிழ்தற்கு வழி செய்கின்றது என்பது எம் கருத்து. பிறர் வழிபாட்டிற் கலந்துகொள்ளுதல் தம் சமயத்திற்கு ஒவ்வாது எனக் கருதும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும், தம் கொள்கையை விட்டுக்கொடாமலே விருந்திற் கலந்துகொள்ளலாம். எல்லை எங்கே என்பது இருவர்க்கும் தெரிதலின் எல்லையைத் தாண்டுமாறு எவரும் எவரையும் வற்புறுத்துவதில்லை. ஆயினும் சீனர்க்கும் இந்துக்களுக்கும் இடையே இவ்வெல்லை அத்துணைக் கடுமையானதன்று. பினாங்கிலே தைப்பூசத் தேர் செல்லும் வழியில் ஆயிரக்கணக்கான தேங்காய்களைக் குவித்து உடைப்போரிற் பலர் சீனர். தாமே நேர்ந்துகொண்டு அந்நேர்த்தியைச் செலுத்துவோரும் அவருள் உளர்.

விருந்தின் நுட்பம்

மலாய்க்காரர் விருந்தில் மூன்று பொருள்கள் தவறா. தென்னங்குருத்தோலையால் முடைந்த சிறு கூட்டில் அரிசியிட்டு அவித்தது கெத்துப்பாட். வாழையிலை உட்செறித்த மூங்கிற் குழாயில் ஒட்டரிசியும் தேங்காய்ப்பாலும் பெய்து தீயருகே நிறுத்திச் சுட்டது லெமாங். இறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் மசாலையிலும் நெடுநேரம் சுண்ட வைத்தது ரெண்டாங். இவற்றுள் ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சியாற் செய்யப்படுவது.

யாம் ஒருமுறை பினாங்கில் ஒரு மலாய் நண்பர் இல்லத்திற்குப் பெருநாளன்று சென்றிருந்தோம். எம்மைக் கண்டதும் இல்லத்து அம்மையார் அடுக்களையினின்று வேறொரு கிண்ணம் கொணர்ந்து எம்முன் வைத்து, “இது கோழி, இதற்குக் கரண்டியும் வேறு” என்றார். யாம் வினவவில்லை, விலக்கு இன்னதென்று கூறவுமில்லை. இந்துக்கள் வருவர் என்பதனை முன்னரே எண்ணி, தனிச் சட்டியிற் சமைத்துத் தனியே மூடி வைத்திருந்தனர். அவ்வம்மையாரின் கோழிக் கறியின் சுவையை யாம் மறந்துவிட்டோம், அக்கரண்டியை மறக்கவில்லை.

சீனர் இல்லத்திலும் இத்தகைய கவனம் உண்டு. முஸ்லிம் நண்பரை அழைப்போர் தம் வீட்டுப் பாத்திரத்திற் பன்றி இறைச்சி சமைத்தமை கருதி, முஸ்லிம் சமையற்காரரிடம் உணவு வாங்கி, புதிய தட்டுகளிற் படைப்பர். தமிழரும் தீபாவளி விருந்திற்குக் கோழியையும் ஆட்டையும் முஸ்லிம் கடையிலேயே வாங்குவதுண்டு. மரக்கறி உண்பார்க்கென ஒரு மூலை எங்கும் உண்டு. உணவுக் கடைகளில் ‘ஹலால்’ முத்திரையை முதலில் நோக்குதல் முஸ்லிம் அல்லாதார்க்கும், நண்பரை அழைத்துச் செல்லும்போது, பழக்கமாகிவிட்டது. இவ்வாறு நோக்கின், அந்நாட்டில் விருந்தோம்புவான் முதலில் கேட்கும் வினா “இவருக்கு எது பிடிக்கும்?” என்பதன்று, “இவருக்கு எது ஆகாது?” என்பதாம்.

எல்லார்க்கும் பொதுவான உணவுகளும் காலப்போக்கில் எழுந்தன. பினாங்கின் புகழ்பெற்ற நாசி கண்டார் அவற்றுள் ஒன்று. தமிழ் முஸ்லிம் வணிகர் நீண்ட கோலின் இரு தலையிலும் சோற்றுப் பானையையும் குழம்புப் பானையையும் தொங்கவிட்டுத் தோளிற் சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்கு விற்றனர். ‘நாசி’ சோறு, ‘கண்டார்’ கோல்கொண்டு சுமத்தல். இன்று பல குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றி உண்ணும் அச்சோற்றுக்கு மூவினத்தாரும் வரிசையில் நிற்கின்றனர். ரமலான் மாதத்திலே தமிழ் முஸ்லிம் பள்ளிவாயில்களிற் காய்ச்சி வழங்கும் நோன்புக் கஞ்சி நம் நாட்டுக் கஞ்சியேயாம். மலாக்காவில் வாழும் போர்த்துக்கேய வழியினர் கிறிஸ்துமஸ் கழிந்தபின், எஞ்சிய இறைச்சியையெல்லாம் காரமும் காடியும் சேர்த்துச் சமைக்கும் ‘டெவல்’ கறியும் இவ்வாறு பலர் கைபட்டு உருவானதே.

ஆயினும் எம் மனத்தை மிகவும் கவர்ந்தது அச்சு முறுக்கு. பூ வடிவான பித்தளை அச்சை மாவில் தோய்த்துக் கொதிக்கும் எண்ணெயிலிட்டு உதறி எடுக்கும் அப்பண்டத்தைத் தமிழர் தீபாவளிக்குச் செய்வர். அதே அச்சால் அதே பண்டத்தை மலாய்க்காரர் பெருநாளுக்கும் சீனர் புத்தாண்டிற்கும் செய்வர். பெயர் மட்டும் வேறு. ஒவ்வோர் இனத்தாரும் அதனைத் தம்முடையதாகவே எண்ணுகின்றனர், எண்ணுவதிற் பிழையுமில்லை.

ஒரு கடிகாரத்தின் கதை

உணவைக் காட்டிலும் வழக்கங்களே புதியோரை இடறச் செய்வன. இடக்கையாற் கொடாமையும் வாயிலிற் பாதணி கழற்றுதலும் நமக்குப் பழக்கமானவை. மலாய்க்காரர் ஒன்றைச் சுட்டும்போது சுட்டுவிரலை நீட்டார். விரல்களை மடக்கிப் பெருவிரலாற் காட்டுவர். சீனர் புத்தாண்டு முதல் நாளில் வீடு பெருக்கார். பெருக்கினால் வந்த செல்வமும் உடன் போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. அவர்களைக் காணச் செல்வோர் ஆரஞ்சுப் பழத்தை ஒற்றையாகக் கொடாமல் இரண்டாகக் கொடுப்பர்.

இவற்றுட் பலவற்றைக் கேட்டறிந்த யாம் ஒன்றை மட்டும் அறியாது இடறினோம். ஒரு சீன நண்பர் இல்லத்திற்குப் புத்தாண்டன்று செல்லுங்கால், நல்லதொரு பரிசு கொண்டுபோகக் கருதி, அழகிய சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிச் செந்தாளிற் சுற்றி எடுத்துச் சென்றோம். நண்பரின் முதிய தாயார் பொதியைப் பிரித்தார். ஒரு கணம் அவர் முகம் மாறியது. நண்பர் அவர் செவியில் ஏதோ கூறினார். உடனே அம்மூதாட்டியார் புன்முறுவலோடு எழுந்து சென்று, சிறு நாணயம் ஒன்றைக் கொணர்ந்து எம் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார். யாம் ஒன்றும் விளங்காது நின்றோம்.

விடைபெறும்போது நண்பர் விளக்கினார். சீனமொழியிற் கடிகாரம் கொடுத்தல் என்னும் தொடரும், ஒருவர்க்கு இறுதிக் கடன் செய்தல் என்னும் தொடரும் ஒலியால் ஒன்றுபடும். ஆதலின் முதியோர்க்குக் கடிகாரம் பரிசளித்தல் பெருந்தீய நிமித்தம். காசு கொடுத்துவிட்டாலோ அது பரிசன்று, விலைக்கு வாங்கிய பொருளாகிவிடும், தீங்கும் நீங்கும். எம்மை வெட்கத்திற்கு ஆளாக்காமலும், தம் நம்பிக்கையைக் கைவிடாமலும் அத்தாயார் அந்நொடியில் இரண்டையும் காத்துவிட்டார்.

அன்றுதான் யாம் ஓர் உண்மையைத் தெளிந்தோம். பல இனத்தார் கூடி வாழ்தற்கு அறிவு ஒன்று மட்டும் போதாது. எத்துணை அறிந்தாலும் ஒருநாள் தவறு நேர்ந்தே தீரும். அப்போது தவற்றைத் திருத்திக்கொள்ளும் வழியொன்று வழக்கத்திலேயே அமைந்திருத்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்தும் பெருந்தன்மையும் வேண்டும்.

குறைகளும் உண்டு

மலேசிய நாட்டில் எல்லாம் இனிமையே என்று கூறினால் அது பொய்யாகும். 1969-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் கோலாலம்பூரில் மூண்ட இனக்கலவரத்தில் மிகப் பலர் மாண்டனர். அதற்கு முன்னரும் அந்நகர மக்கள் ஒருவர் விழாவில் ஒருவர் உண்டவர்களே. பந்தி ஒன்றே பகையைத் தடுத்துவிடாது என்பதற்கு இது கசப்பான சான்று. வறுமையும் அரசியலும் கிளப்பும் பூசல்களை விருந்தினால் தீர்த்தல் இயலாது. மலாய், சீன, தமிழ்ப் பள்ளிகளில் தனித்தனியே பயிலும் சிறுவர்க்கு இளமையிலேயே ஒருவரையொருவர் அறிதற்கு வாய்ப்புக் குறைவு. அரசியலாரும் பெருநிறுவனத்தாரும் மண்டபங்களில் ஆயிரக்கணக்கானோர்க்கு நடத்தும் திறந்த இல்லங்களும் பெருகியுள்ளன. அங்கு எல்லார்க்கும் உணவு உண்டு. ஆனால் இன்னார் வருவர், இன்னது உண்ணார் என்று முன்னரே எண்ணித் தனிக் கரண்டி வைப்பார் இலர்.

ஆயினும் விருந்து பயனற்றது என்று கூறுதலும் பொருந்தாது. பூசலின்போது அயலானைப் பற்றி ஊரார் கூறும் பொய்யை மறுத்துரைக்க, அவன் வீட்டினுள் ஒருமுறையேனும் அமர்ந்தவனே வல்லவன். அமராதவன் எதனைக் கொண்டு மறுப்பான்?

முடிவுரை

எந்த மண்ணில் அடி வைக்கின்றோமோ அந்த மண்ணின் வானத்தைத் தலைமேல் தாங்குக என்பது மலாய்ப் பழமொழி. சென்ற இடத்து வழக்கத்தை மதித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. இதனைக் கடைப்பிடிக்க நாம் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை. நம் கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்திலேயே பல ஊரினரும் பல சமயத்தினரும் நாள்தோறும் ஒருங்கே அமர்கின்றனர். அருகில் அமர்ந்துண்பவன் எதனை உண்ணான், எந்நாளில் நோன்பிருப்பான், எச்சொல்லால் வருந்துவான் என்பவற்றை நாம் அறிவோமா? அறியோமாயின் கேட்டறிதல் எளிது.

அம்மூதாட்டியார் கொடுத்த நாணயத்தை யாம் செலவு செய்யவில்லை. கடிகாரமோ அவ்வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது.